நோவா வாய் திறக்கவில்லை: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிப்பவன் நான். எங்கள் சபையில் கோடை விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். இந்த வருடம், பெருவெள்ளத்தில் குடும்பத்தோடு தப்பிய நோவாவின் பேழை. மிருகப் படங்களை ஒட்டி, பாட்டுப் பாடி, நன்றாகத்தான் போனது. முடிக்கும் நேரத்தில் ஒரு பையன் எழுந்து, "பேழைக்கு வெளியே இருந்த பாப்பாங்கல்லாம் என்ன ஆனாங்க?" என்று கேட்டான். "நோவா 120 வருஷம் பிரசங்கம் பண்ணினார், எல்லாரும் அவரைக் கேலி பண்ணினாங்க, அதனாலதான் கர்த்தர் தண்டிச்சார்" என்றேன். "பாப்பாவுமா கேலி பண்ணிச்சு?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டேன்.

அந்தப் பையனுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நியாயத்தீர்ப்பும் இரட்சிப்பும் ஒரே கதைக்குள் எப்படி இருக்க முடியும்? இன்னும் சில சந்தேகங்கள். இந்தக் கதை பாபிலோனியக் கதையின் நகல் என்கிறார்களே, உண்மையா? நம் கடல்கோளும் இதே வெள்ளம்தானா? அராராத் மலையில் பேழையைக் கண்டுபிடித்த வீடியோ ஒன்றின் இணைப்பையும் அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள தம்பி,

சில வாரங்களாக நான் வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தைத்தான் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு காரணத்தால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் வீடியோ இணைப்பைப் பார்த்த உடனே உங்கள் கடிதத்தை மூடியிருப்பேன்.

முதலில் சில்லறைகளைத் தீர்த்துவிடலாம். பேழை தங்கிய இடம் என்று ஆதியாகமம் ஒரு சிகரத்தைக் காட்டவில்லை, ஒரு மலைநாட்டைச் சொல்கிறது. இன்று துருக்கியில் அராராத் என்று அழைக்கப்படும் 5,137 மீட்டர் மலைக்குப் பக்கத்தில் படகு வடிவத்தில் ஒரு மேடு இருக்கிறது. உங்கள் வீடியோவில் வருவது அதுதான். அது இயற்கையாக அமைந்த மண்ணும் பாறையும் என்று நிலவியலாளர்கள் பார்த்துச் சொல்லியாயிற்று. ஒரு மரத்துண்டு கிடைத்தால்தான் நிற்கும் என்கிற விசுவாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? கடல்கோளை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். நம் பக்கத்து வெள்ளக் கதைதான் வேண்டுமென்றால் பாகவதத்தில் திராவிட மன்னன் சத்தியவிரதன் கிருதமாலா நதியில் மீனைக் கண்ட கதை இருக்கிறது. அந்த நதி வைகை என்பார்கள். அதை வேறொரு நாள் பேசலாம். பாபிலோன் விஷயம் உண்மை. 1872 டிசம்பரில் லண்டனில் ஜார்ஜ் ஸ்மித் பாபிலோனிய வெள்ளக் கதை எழுதிய களிமண் பலகையை வாசித்துக் காட்டியதிலிருந்து உலகத்துக்கே தெரியும். அவர்களுடைய கதை மூத்தது, நம் கதை அதை அறிந்தது. கீழே அதற்குத் திரும்ப வருவேன், ஆனால் நீங்கள் கேட்ட காரணத்துக்காக இல்லை.

இனி உங்கள் 120 வருஷப் பிரசங்கத்துக்கு வருகிறேன். கோபமாகத்தான் வருகிறேன்.

எங்கே இருக்கிறது அது? ஆதியாகமம் 6 முதல் 9 வரை நான்கே அதிகாரம். பேழை 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம் என்று இருக்கிறது. உள்ளும் புறமும் கீல் பூசச் சொன்னது இருக்கிறது. மூன்று தட்டு, பக்கத்தில் ஒரு கதவு. இரண்டாம் மாதம் 17ஆம் தேதி தொடங்கி அடுத்த வருடம் இரண்டாம் மாதம் 27ஆம் தேதி நிலம் காய்ந்தது வரை நாள்கணக்கு இருக்கிறது. இவ்வளவு விவரமாக எழுதியவர் கேலி செய்த ஒரே ஒரு ஆளைக் கூடக் காட்டவில்லை. பிரசங்கமும் இல்லை. 120 என்ற எண் 6:3இல் வருகிறது, மனிதனுக்கு இருக்கப்போகிற நாட்கள் என்று. அதைப் பேழை கட்டிய காலமாக்கியது பின்னால் வந்தவர்கள்.

பேதுருவின் இரண்டாம் நிருபம் நோவாவை "நீதியைப் பிரசங்கித்தவன்" என்கிறதே என்பீர்கள். சொல்கிறது. எத்தனை நூற்றாண்டு கழித்து? முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ், நோவா அந்த மக்களைத் திருத்தப் பார்த்தான், தன்னைக் கொன்றுவிடுவார்களோ என்று பயந்து குடும்பத்தோடு வெளியேறினான் என்று எழுதுகிறார். யூதர்களின் மறைநூல் விளக்கத் தொகுப்பான தல்மூதில் கேலி செய்கிறவர்கள் வந்துவிடுகிறார்கள். குர்ஆனில் ஹூத் அத்தியாயத்தில் கப்பல் கட்டும் இடத்தைக் கடக்கிற தலைவர்களெல்லாம் பரிகசிக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் யூத உரையாசிரியர் ராஷி, பார்க்கிறவர்கள் 'என்ன இது?' என்று கேட்டுத் திருந்தட்டும் என்பதற்காகத்தான் வேலை 120 வருடம் இழுத்தது என்று விளக்கம் சொல்கிறார். இத்தனை பேர் இத்தனை காலமாக நோவாவின் வாயில் எதையாவது வைக்கப் பார்க்கிறார்கள் என்றால், அந்த வாய் மூடியிருந்தது அவர்கள் எல்லோரையும் உறுத்தியிருக்கிறது.

சரி, இயேசு என்ன சொன்னார்? மத்தேயு 24இல் வெள்ளத்துக்கு முந்தைய ஜனங்களைப் பற்றிப் பேசுகிறார். "புசித்தும் குடித்தும், பெண்கொண்டும் பெண்கொடுத்தும்" இருந்தார்களாம். அவ்வளவுதான். கல்யாண வீடும் பந்தியும். அவர்கள் உணராதிருந்தார்கள் என்கிறார், சிரித்தார்கள் என்று சொல்லவில்லை. பூமி கொடுமையினால் நிறைந்திருந்தது என்று ஆதியாகமம் சொல்வதை நான் மறைக்கவில்லை. கொடுமை செய்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கொடுமைக்கு ஆளானவர்களும் அதே பூமியில்தான் இருந்தார்கள், அதே தண்ணீரில்தான் போனார்கள்.

கேலி செய்தவர்கள் நமக்கு ஏன் தேவைப்படுகிறார்கள் தெரியுமா? அவர்கள் இருந்தால்தான் மழை பெய்யும்போது நாம் நிம்மதியாக உள்ளே உட்காரலாம். 'சொன்னாங்க, கேட்கலை, போனாங்க.' உங்கள் வகுப்புப் பையன் அந்த நிம்மதியைத்தான் ஒரே கேள்வியில் பிடுங்கிவிட்டான்.

2005 ஜனவரி. சுனாமி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணிக்குப் போன யாத்ரீகர்கள் மறுநாள் காலை கடற்கரையில் இறந்திருந்தார்கள். எங்கள் உறவினர் வீட்டில் ஒரு ஜெபக் கூட்டம். சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் ஒருவர் எழுந்தார். அன்று காலையில் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாக இருந்தாராம். இளையவனுக்குத் திடீரென்று காய்ச்சல். போகவில்லை. "காய்ச்சலைக் கொடுத்து ஆண்டவர் எங்களைக் காப்பாத்தினார்" என்று அழுதார். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். நானும் சொன்னேன்.

என் பெரியம்மா மட்டும் சொல்லவில்லை. பாயில் உட்கார்ந்தபடியே, குரலைக்கூட உயர்த்தாமல் கேட்டாள்: "அங்க இருந்த மத்த பிள்ளைகளுக்கும் அந்தக் காய்ச்சலைக் கொடுத்திருக்கலாமே, ஏன் கொடுக்கலை?"

யாரும் எதுவும் பேசவில்லை. அப்புறம் கூட்டத்தை நடத்தியவர் ஒரு பாட்டை ஆரம்பித்தார், உங்களைப் போலவே. பெரியம்மா அவிசுவாசி கிடையாது. காலை நாலரை மணிக்கு எழுந்து ஜெபிக்கிறவள். அந்த மனிதரையும் நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை பிழைத்த அப்பன் நன்றி சொல்லாமல் வேறு என்ன செய்வான்? ஆனால் அந்த அறையில் ஆண்டவரோடு உண்மையில் பேசியது பெரியம்மா மட்டும்தான் என்று எனக்கு இன்றுவரை தோன்றுகிறது.

இப்போது பாபிலோனுக்கு வாருங்கள். கி.மு. 17ஆம் நூற்றாண்டுப் பலகைகளில் அத்ராஹசிஸ் என்கிற மனிதன் இருக்கிறான். அங்கே தேவர்கள் வெள்ளம் அனுப்புவது மனிதர்கள் போடும் சத்தத்தில் தூக்கம் கெட்டதால். படகு தயாரான பிறகு அவன் தன் ஆட்களுக்கு விருந்து வைக்கிறான். உள்ளே அவர்கள் சாப்பிடுகிறார்கள், குடிக்கிறார்கள். அவனால் உட்கார முடியவில்லை, உள்ளேயும் வெளியேயும் நடக்கிறான், நெஞ்சு உடைந்து பித்தநீராக வாந்தி எடுக்கிறான். அதே மனிதன் பாபிலோனியர்களின் கில்காமேஷ் காவியத்தில் உத்னபிஷ்டிம் என்ற பெயரில் வருகிறான். புயல் ஓய்ந்ததும் சாளரத்தைத் திறக்கிறான், முகத்தில் வெளிச்சம் விழுகிறது, மனிதர்கள் எல்லாம் மண்ணாகிப் போயிருக்கிறார்கள். உட்கார்ந்து அழுகிறான். குர்ஆனின் நூஹ் நபி (நோவாதான்), "என் அருமை மகனே, எங்களோடு ஏறிக்கொள்" என்று அலைகளுக்கு நடுவே மகனைக் கூப்பிடுகிறார். அவன் மலைமேல் ஏறித் தப்பித்துக்கொள்வேன் என்கிறான். இருவருக்கும் நடுவே அலை வந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் அவர் இறைவனிடம், "அவன் என் குடும்பத்தைச் சேர்ந்தவன் ஆயிற்றே" என்று முறையிடுகிறார்.

நம் நோவா? ஒரு வார்த்தை இல்லை. சொன்னதைச் செய்தான், ஏறினான். கதவைக் கூடக் கர்த்தரே அடைத்தார் என்று 7:16 சொல்கிறது. காகத்தை விட்டான், புறாவை விட்டான், இறங்கினான், பலிபீடம் கட்டினான். மூச்சுவிடவில்லை. வேதத்தில் நோவா பேசியதாக வரும் முதல் வார்த்தை எது என்று உங்கள் போதகரைக் கேட்டுப் பாருங்கள். 9:25. குடித்துவிட்டுக் கூடாரத்தில் விழுந்து கிடந்து, விழித்தெழுந்து, பேரப்பிள்ளைக்குக் கொடுத்த சாபம். அதற்கு முன்னால் உலகமே அழியப்போகிறது என்று கேட்டபோதும் பேச்சில்லை.

விசுவாசம் என்று எபிரெயர் நிருபம் அவனைப் புகழ்கிறது, சரி. தனக்குப் புரியாத ஒன்றைச் சொன்னபடி கட்டி முடிப்பது லேசான காரியம் இல்லை. பயந்து போயிருப்பான், பாவம். ஆனால் யூதர்கள் அவனை அவ்வளவு எளிதில் விடவில்லை. யூத மறைஞான நூலான சோஹார் மரபில் ஒரு கதை உண்டு. பேழையிலிருந்து இறங்கிய நோவா அழிவைப் பார்த்து அழுகிறான். நீர் இரக்கமுள்ளவர் ஆயிற்றே, இப்படிச் செய்யலாமா என்கிறான். கடவுளுக்குக் கோபம் வருகிறது. முட்டாள் மேய்ப்பனே, இதை இப்போதா சொல்கிறாய்? நான் உன்னிடம் முன்கூட்டியே சொன்னது எதற்கு? நீ தப்பித்துக்கொள்வாய் என்று தெரிந்ததும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை கேட்டாயா?

அந்தக் கடைசிக் கேள்வியை அன்று அல்லேலூயா சொன்ன எல்லோரும் கேட்டுக்கொள்ளலாம், என்னையும் சேர்த்து.

ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். சோதோம் நகரத்தை அழிக்கப் போகுமுன் கர்த்தர், "நான் செய்யப்போகிறதை ஆபிரகாமுக்கு மறைப்பேனோ" என்கிறார். மறைக்காமல் சொல்கிறார். ஆபிரகாம் என்ன செய்கிறான்? மூட்டை கட்டவில்லை, சகோதரன் மகன் லோத்துவை மட்டும் காப்பாற்றும் என்றும் கேட்கவில்லை. நேருக்கு நேராக, "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்கிறான். சந்தையில் மீன்காரியிடம் நிற்பதைப் போல ஐம்பதில் தொடங்கிப் பத்து வரை இறக்குகிறான். ஒவ்வொரு முறையும் கர்த்தர் இறங்குகிறார். ஒரு முறை கூட 'வாயை மூடு' என்று சொல்லவில்லை. பேரம் முடிந்ததும் போய்விடுகிறார். சோதோம் எரிந்துதான் போயிற்று. இருந்தாலும் கேட்டவன் கேட்டான். பின்னால் மோசே, பாவம் செய்த இஸ்ரவேலருக்காக, இன்னும் ஒரு படி மேலே போய், இவர்களை மன்னிக்காவிட்டால் என் பெயரையும் உம் புத்தகத்திலிருந்து அழித்துவிடும் என்றான். நியாயத்தீர்ப்பும் இரட்சிப்பும் ஒரே கதைக்குள் எப்படி என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்தவரை, இரண்டுக்கும் நடுவில் யாராவது நின்று சண்டை போட வேண்டும். வெள்ளக் கதையில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

பையனை மறந்துவிட்டேன். அவனிடம், குழந்தைகள் எதையும் செய்யவில்லை என்று சொல்லுங்கள். முதலில் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் யோனா புத்தகத்தின் கடைசி வசனத்தை வாசித்துக் காட்டுங்கள். நினிவே நகரம் அழியவில்லையே என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தீர்க்கதரிசியிடம் கர்த்தர் கேட்கிறார்: வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு மேல் இங்கே இருக்கிறார்களே, மிருகங்கள் வேறு இருக்கின்றனவே, இவர்களுக்காக நான் பரிதபிக்காமல் இருப்பேனா? வெளியே இருந்த பாப்பாக்களையும் ஆடுமாடுகளையும் கணக்கில் எடுக்கிற வசனம் அது. உடனே அவன், "அப்போ நோவா காலத்துல ஏன் எடுக்கலை?" என்பான். என்னிடம் அதற்குப் பதில் இல்லை, நீங்களும் இருப்பதாக நடிக்க வேண்டாம். வெள்ளத்துக்குப் பிறகு மனிதன் மாறியதாகக் கூட அங்கே எழுதவில்லை. அவன் இருதயம் பொல்லாதது என்று 6:5இல் சொன்னதையே 8:21இல் திரும்பச் சொல்லிவிட்டு, அதனால் இனி அழிப்பதில்லை என்று கர்த்தர்தான் தன்னை மாற்றிக்கொள்கிறார்.

உங்கள் பாடத்திட்டத்தில் நோவாவுக்கு அடுத்தது பாபேல் கோபுரமாக இருக்கும். அதைத் தள்ளிவையுங்கள். நேராக 18ஆம் அதிகாரத்துக்குப் போய், 50, 45, 40, 30, 20, 10 என்று பிள்ளைகளையே பேரம் பேச விடுங்கள். பத்துக்குக் கீழேயும் போகலாமா என்று அந்தப் பையன் கேட்டால், போகலாம் என்று சொல்லுங்கள்.