ஏலம் போன வீடும் அடுத்த வீட்டுக் கடனும்

கேள்வி: தொழில் நொடித்துப்போனதால் 2021-இல் எங்கள் வீட்டை வங்கி ஜப்தி செய்து ஏலம் விட்டது. கதவில் ஒட்டிய நோட்டீஸைப் பள்ளி விட்டு வந்த மகள்தான் முதலில் படித்தாள். இப்போது மாதம் 48,000 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்க்கிறேன். சிறிய வீடு ஒன்று வாங்கக் கடன் கேட்டேன். இரண்டு இடங்களில் மறுத்துவிட்டார்கள். 15,000 ரூபாய் கொடுத்தால் சிபில் மதிப்பெண்ணை ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். பழைய கடனை மறைத்து விண்ணப்பிக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: வங்கியின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். அப்படிப்பட்ட நோட்டீஸ்களைத் தயாரித்தும் இருக்கிறேன். அதனால் முதலில் சொல்கிறேன்: வீட்டை இழந்தவர் மறுபடி கடன் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

ஆனால் மறைக்காதீர்கள். பான் எண்ணைத் தட்டினால் பழைய கணக்கு திரையில் வந்து நின்றுவிடும். கடனை விடவும் பொய்தான் அதிகாரியை உறுத்தும். அந்த 15,000 ரூபாயையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு உண்மையான பதிவை அழிக்க யாராலும் முடியாது.

நீங்கள் வாங்கிய கடன்களும் கட்டிய விதமும் பதிவாகியிருக்கும் கடன் அறிக்கையை, சிபில் போன்ற நிறுவனங்களிடம் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகவே பெறலாம். அதில் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, பழைய வீட்டுக் கடனின் வரிக்குப் போங்கள். 'ரைட் ஆஃப்' (வராக்கடன் என்று வங்கி கணக்கிலிருந்து நீக்கியது) அல்லது 'செட்டில்டு' (குறைத்துக் கட்டி முடித்தது) என்று இருக்கிறதா? பக்கத்தில் நிலுவைத் தொகை ஏதாவது தெரிகிறதா? பலர் நினைப்பதுபோல ஏலத்தோடு கடன் தீர்ந்துவிடுவதில்லை. ஏலப் பணம் பாக்கியை விடக் குறைவு என்றால் மீதி உங்கள் தலையில்தான். செலவு போக மிஞ்சியிருந்தால், அடமானச் சொத்தை வங்கி ஏலம் விட வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி அது உங்களுக்குச் சேர வேண்டியது. எனவே பழைய வங்கிக்கு எழுத்து மூலம் கடிதம் கொடுத்து, ஏலத் தொகை எப்படி வரவு வைக்கப்பட்டது என்ற கணக்கைக் கேளுங்கள். மீதி இருந்தால் பேசிக் குறைத்துக் கட்டிவிட நினைக்கலாம். ஆனால் தள்ளுபடி வாங்கினால் 'செட்டில்டு' என்றுதான் பதிவாகும்; முழுதாகக் கட்டினால்தான் 'குளோஸ்டு' ஆகும். முடிந்தவரை முழுதாகக் கட்டி, பாக்கி இல்லைச் சான்றிதழை வாங்குங்கள். பதிவில் தவறு இருந்து புகார் கொடுத்தால் 30 நாளில் தீர்க்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

தவணை தவறிய மாதங்கள் அறிக்கையில் இன்னும் சில காலம் இருக்கும். அதற்குள் வைப்புத்தொகையின் பேரில் ஒரு கிரெடிட் கார்டு எடுத்து, கொஞ்சமாகச் செலவழித்து, மாதாமாதம் முழுதாகக் கட்டிவாருங்கள். இடம் இடமாக விண்ணப்பிப்பதை இப்போதே நிறுத்துங்கள்; விண்ணப்பத்துக்காக வங்கி உங்கள் அறிக்கையைக் கேட்டுப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதில் பதிவாகிறது.

பழைய கடனில் உங்கள் மனைவியும் கையெழுத்திட்டிருந்தாரா? இல்லையென்றால், அவருக்கும் வருமானம் இருந்தால், அவரை முதல் விண்ணப்பதாரராக வைத்துப் பேசிப்பாருங்கள். 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தர விதி இடம் தருகிறது. உங்களுக்கு அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். வீட்டு விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது கையில் சேர்த்துக்கொண்டு போங்கள்.

போகும்போது ஒரு பக்கக் கடிதமும் இருக்கட்டும்: தொழில் எப்போது விழுந்தது, வேலையில் எப்போது சேர்ந்தீர்கள், பாக்கியை எந்தத் தேதியில் கட்டினீர்கள். சான்றிதழின் நகலை அதோடு பின் செய்து, நீங்களே அதிகாரியின் கையில் கொடுங்கள்.