பட்டாசுக்கு இரண்டு மணி நேரம், பாட்டிலுக்குப் பத்து ரூபாய்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும்தான் பட்டாசு வெடிக்கலாம் என்கிறார்கள். இப்படி ஒரு நேரத்தை எங்கே பிடித்தார்கள்? எங்கள் தெருவில் நான்கு மணிக்கே வெடி தொடங்கிவிடுகிறது.
– வாசகர், திருச்சி

பதில்: 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தீபாவளியன்று இரவு 8 முதல் 10 வரை மட்டுமே வெடிக்கலாம் என்று நாடு முழுவதற்கும் பொதுவாக உத்தரவிட்டது. வடக்கே தீபாவளி அந்திப் பொழுதின் பண்டிகை. விளக்கேற்றி லட்சுமி பூஜையை முடித்த பிறகுதான் அவர்களுக்கு வெடி. நமக்கோ விடியும் முன்பே எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, முதல் சரத்தைக் கொளுத்துவதுதான் தீபாவளி; இரவு எட்டு மணிக்கு மீந்த முறுக்கை டப்பாவில் அடைத்துக்கொண்டிருப்போம். தமிழக அரசு இதை எடுத்துச் சொல்லி அதிகாலைக்கும் கூடுதல் நேரம் கேட்டது. கூடுதல் நேரம் கிடைக்கவில்லை. எந்த இரண்டு மணி நேரம் என்பதை மாநிலமே தீர்மானித்துக்கொள்ளலாம் என்ற அனுமதி மட்டும் கிடைத்தது. அரசு அந்த இரண்டு மணியை இரண்டாகக் கிள்ளி, காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று பங்கிட்டது. ஒலி மாசு விதிகளின்படி இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஆகவே உங்கள் தெருவின் நான்கு மணி வெடி, சட்டத்தின் கண்ணில் நள்ளிரவு வெடிதான்.

இத்தனை மணிக்கணக்கும் தேவைப்படாத ஊர்களும் நம்மிடம் உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டியுள்ள கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரண்டுவிடக்கூடாது என்பதற்காகப் பல பத்தாண்டுகளாகப் பட்டாசே வெடிப்பதில்லை. தீபாவளிக்கு வனத்துறையினர் அந்த ஊராருக்கு இனிப்பு வழங்குவது வழக்கம். ஊர் மக்கள் தாங்களாக முடிவெடுத்ததால் காவலுக்கு ஆள் வேண்டியிருக்கவில்லை.

கேள்வி: ஊட்டிக்குச் சுற்றுலா போன என் மைத்துனர், காலி மதுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துப் பத்து ரூபாய் வாங்கினேன் என்கிறார். நம்பலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பாட்டிலைப் பற்றி அவர் சொல்வதைத் தாராளமாக நம்பலாம். காட்டோரங்களில் உடைந்து கிடக்கும் பாட்டில்கள் யானை முதலிய விலங்குகளின் கால்களைக் கிழிப்பதைக் கண்டு, சென்னை உயர் நீதிமன்றம் அளித்த அழுத்தத்தால் 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கிய ஏற்பாடு இது. விற்கும்போதே பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டில் திரும்பி வந்ததும் அதைத் தந்துவிடுவார்கள்; பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் இது பரவியது. இதில் புதுமை ஒன்றும் இல்லை. கோலி சோடா குடித்தவர்கள் கடை வாசலிலேயே நின்று குடித்தது, பாட்டிலைக் கடைக்காரர் விடமாட்டார் என்பதால்தான். 'காடுகளைக் காப்போம்' என்று எழுதிய பலகையின் கீழேயே பாட்டிலை வீசிச் சென்றவர்கள், பத்து ரூபாய்க்காக அதைப் பையில் பத்திரமாக எடுத்து வருகிறார்கள். குடித்தவர் எடுத்து வராவிட்டாலும், பின்னால் வரும் வேறொருவர் பொறுக்கிக்கொண்டு போகிறார். யானைக்கு அதுவே போதும்.

கேள்வி: சீமைக்கருவேலம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுகிறதாமே? அப்படியானால் நீதிமன்றமே சொல்லியும் ஏன் ஒழியவில்லை?
– வாசகர், முதுகுளத்தூர்

பதில்: மழையை விரட்டுகிறது என்பதை நான் நம்பவில்லை. உங்கள் சீமை மழை குறைந்ததாக இருப்பது, இந்த மரம் விறகுக்கென்று வெளிநாட்டிலிருந்து இங்கே கொண்டுவரப்படுவதற்கு முன்பிருந்தே உள்ள நிலைமை. மரம் நீரை எடுப்பது வேரால். அந்த வேர் மிக ஆழமாக இறங்குவதும், கண்மாயும் வரத்துக்காலும் புதராக அடைபடுவதும், அதன் கீழே வேறு செடி தலையெடுக்க முடியாததும்தான் மெய்யான குற்றங்கள். இல்லாத குற்றத்தைச் சுமத்தினால் இருக்கிற குற்றம் மறைந்துபோகிறது.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையடுத்து 2017இல் மாவட்டந்தோறும் வெட்டும் பணி மும்முரமாக நடந்தது. அதே ஆண்டில் அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. தடை வராமல் இருந்திருந்தாலும் மரம் ஒழிந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. தூரோடு பெயர்க்காமல் மேலே மட்டும் வெட்டினால், அடுத்த மழையில் ஒன்றுக்கு நான்காகத் துளிர்க்கும். இனிப்பான நெற்றை ஆடும் மாடும் தின்று, செரிக்காத விதைகளைப் புழுக்கையோடும் சாணத்தோடும் போகிற வழியெல்லாம் விதைக்கின்றன. அதற்கும் மேலாக, மானம் பார்த்த பூமியில் வெள்ளாமை பொய்க்கும் ஆண்டுகளில் இந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் எத்தனையோ குடும்பங்கள் அடுப்பெரிக்கின்றன. அவர்களுக்கு மாற்றுப் பிழைப்பு எது என்று சொல்லாமல் மரத்தை மட்டும் ஒழிக்கச் சொல்லும் உத்தரவு, எத்தனை முறை பிறப்பிக்கப்பட்டாலும் தூரை விட்டுவிட்டுக் கிளையை வெட்டும் வேலைதான்.

கேள்வி: வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது பழங்காசு கிடைத்தால் வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், கரூர்

பதில்: கூடாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அன்றைய பத்து ரூபாய் பெருந்தொகை. இன்று ஒரு டீக்கும் போதாது. பழைய இரும்புப் பெட்டி கிடைத்தாலும் நீங்கள் ஆட்சியர் அலுவலகம் போக வேண்டியவர்தான்.

கேள்வி: பட்டம் விட உரிமம் வேண்டும் என்கிறான் என் நண்பன். கதை விடுகிறானா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: முழுக்கக் கதையல்ல. 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டம், விமானம் எது என்று விளக்குமிடத்தில் பலூனோடும் கிளைடரோடும் பட்டத்தையும் சேர்த்திருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி 1 முதல் புதிய சட்டம் வந்துவிட்டது. உங்கள் பகுதியில் கவலைப்பட வேண்டியது பட்டத்தைப் பற்றியல்ல, நூலைப் பற்றி. இரு சக்கர வாகனத்தில் போகிறவர்களின் கழுத்தை அறுக்கும் மாஞ்சா நூலைச் சென்னைக் காவல்துறை தடை செய்திருக்கிறது. நைலான் மாஞ்சாவை 2017இல் பசுமைத் தீர்ப்பாயமும் நாடு முழுவதும் தடை செய்தது. கண்ணாடித்தூள் பூசாத பருத்தி நூலில், தெருவில் அல்லாமல் திடலில் விடுங்கள்.