ஷீட் விலை, வராத பணம்: சிறு ரப்பர் ஆலைகளின் கேள்விகள்

கேள்வி: குமரி மாவட்டத்தில் ரப்பர் புஷ், கேஸ்கட் செய்கிறோம். சுற்றிலும் தோட்டம்தான். ஆனாலும் ஷீட் (பாலை உறைய வைத்துத் தகடாக உலர்த்திய ரப்பர்) விலை ஏன் இப்படி ஏறுகிறது?

பதில்: தோட்டம் பக்கத்தில் இருந்தாலும் விலைக்கு அளவுகோல் கோட்டயம் சந்தைதான். 2023-24இல் நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ 8.5 லட்சம் டன். தேவையோ 14 லட்சம் டன். மீதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதற்குச் சுங்கவரி 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது. 2024 ஆகஸ்டில் ஆர்.எஸ்.எஸ். 4 ரகம் (புகையில் உலர்த்திய ஷீட்டில் ஒரு தரம்) கிலோ 247 ரூபாய் வரை போனது. இதற்காகத் தோட்டக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். விலை விழுந்து கிடந்த ஆண்டுகளில் பல தோட்டங்களில் பால் வெட்டவே ஆள் விடவில்லை. அவர்களுக்குக் கட்டுப்படியானால்தான் நமக்கு ஷீட் கிடைக்கும்.

சரி, உங்கள் கையில் இருப்பது கணக்கு. 100 கிலோ ரப்பருக்கு 50 கிலோ கார்பன் பிளாக் (ரப்பருக்கு வலு தரும் கரித்தூள்), அப்புறம் எண்ணெய், துத்தநாக ஆக்சைடு, கந்தகம் எல்லாம் சேர்ந்து 166 கிலோ கலவை என்று வைத்துக்கொள்வோம். ரப்பர் கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் கலவை 6 ரூபாய் ஏறும். ஓராண்டுக்கு ஒரே விலை என்று ஆர்டர் எடுக்காமல், ரப்பர் 10 ரூபாய் ஏறினால் கலவைக்கு 6 ரூபாய் கூடும் என்பதை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். ரப்பர் வாரியம் அன்றாடம் விலை வெளியிடுவதால் வாங்குபவரோடு வாக்குவாதம் வராது.

பிசிறையும், அதாவது அச்சிலிருந்து பிதுங்கி வெளியே வரும் ரப்பரையும், எடை போடுங்கள். அண்மையில் ஒரு ஆலையில் பிரஸ் அடியில் இருந்த கூடையை நிறுக்கச் சொன்னேன். 100 கிலோ கலவைக்கு 11 கிலோ பிசிறு! பிரஸ் சூட்டில் வெந்த ரப்பரைத் திரும்ப மில்லில் (கலவை அரைக்கும் உருளை இயந்திரத்தில்) போட்டுப் புதுக் கலவை ஆக்க முடியாது. அந்த 11 கிலோவுக்கான பணமும் உங்கள் விலையில் ஏற வேண்டும்.

கேள்வி: சரக்கு வாங்கியவர் 90 நாள் கழித்தும் பணம் தரவில்லை.

பதில்: உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறதா? குறு, சிறு ஆலை என்றால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் இடம் தராது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான வங்கி விகிதத்தைப் (பேங்க் ரேட்) போல் 3 மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. 2023-24 முதல் இன்னொரு பிடியும் உண்டு: கெடு தாண்டி நிலுவையில் வைத்த தொகையை, கொடுத்து முடிக்கும் வரை, வாங்கியவர் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. கணக்கு ஆண்டு முடியும் மார்ச் மாதத்தில் இதை நினைவூட்டி ஒரு கடிதம் போடுங்கள்.

கேள்வி: மின்வாகனம் வந்தால் எங்கள் தொழில் போய்விடுமா?

பதில்: எரிபொருள் ஹோஸ், ஃபேன் பெல்ட் மட்டும் செய்பவர்கள் இப்போதே வேறு பொருளுக்கு அச்சு போட வேண்டும். சஸ்பென்ஷன் புஷ், கதவு பீடிங் (கதவு ஓர ரப்பர் பட்டை) எந்த வண்டிக்கும் தேவை.