ஸ்காட்லாந்து நடைத் திருவிழாவில் காசு கொடுத்து கைடுடன் நடப்பது தேவையா?

கேட்டவர் எழுதியிருப்பது இது: "மே மாதம் ஸ்காட்லாந்து போகிறேன். நியூட்டன் ஸ்டூவர்ட் என்ற ஊரில் நடைத் திருவிழா நடக்கிறதாம். மலை, கடற்கரை, காடு என்று தினமும் கைடுடன் நடை. போனில் மேப் இருக்கும்போது நடப்பதற்கு எதற்குக் காசு? தனியாகப் போகலாமா?"

'தனியாக' என்ற சொல்லைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் ஊரில் ஓரளவு நடந்து பழகியவர், குளிர் நாட்டில் மலை ஏறியதில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் போனேன்.

முதலில் காசு விஷயம். ஸ்காட்லாந்தில் நடப்பதற்கு யாரும் காசு வாங்குவதில்லை. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, வீட்டு முற்றம், பயிர் நிற்கும் வயல் போன்றவை தவிர மற்ற இடங்களில் பொறுப்போடு யார் வேண்டுமானாலும் நடக்கலாம். அடுத்தவர் நிலம்தான் என்றாலும் தடுக்க முடியாது. நாம் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போகவேண்டும், குட்டி போட்ட ஆடுகளைக் கலைக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே நீங்கள் கொடுக்கும் காசு பாதைக்கு இல்லை, உடன் வரும் ஆளுக்கு. இதை என் அம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு இன்றுவரை முடியவில்லை. "நடக்கதுக்கு யாராவது ரூவா குடுப்பாவளா மக்கா?" என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறாள்.

நான் நாகர்கோவில் பக்கம். 22 வருடமாக நர்ஸ், அதில் கடைசி 11 வருடம் ஸ்காட்லாந்தில். ஒரு ஷிஃப்டில் வார்டுக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டாயிரம் அடி நடந்துவிடுவேன். சின்ன வயதில் மருந்துவாழ் மலையைச் செருப்பில்லாமல் ஏறி இறங்கியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில், திருவிழாவில் நான் பெயர் கொடுத்த முதல் நடையே மெரிக் மலை. 843 மீட்டர், தென் ஸ்காட்லாந்தின் மிக உயரமான மலை. நடைகளைச் சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்துத்தான் போட்டிருந்தார்கள். கடினம் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் பெயர் கொடுத்தேன்.

லோக் ட்ரூல் ஏரிக்கு மேலே புரூஸ் கல் இருக்கும் இடத்திலிருந்து கிளம்பினோம். 1307இல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் ஆட்கள் எதிர்க் கரைச் சரிவிலிருந்து பாறைகளை உருட்டிவிட்டு ஆங்கிலப் படையைத் தடுத்ததாகச் சொல்லப்படும் இடம். அந்த நினைவுக் கல்லை 1929இல் நிறுத்தினார்கள். பன்னிரண்டு பேர் இருந்தோம். முன்னால் லீடர், அதாவது கைடு, கடைசியில் ஒரு அம்மா. அந்த அம்மாவின் வேலை என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. மெதுவாக நடப்பவர் போல என்றுதான் நினைத்தேன்.

ஓடையை ஒட்டி ஏற்றம், பிறகு கல்ஷார்க் என்ற பழைய கல்வீடு, பிறகு மரங்கள், அதைத் தாண்டினால் வெட்டவெளி. காலடியில் பஞ்சு மாதிரி அமுங்கும் கரிச்சேறு. கீழே 11 டிகிரி, லேசான வெயில். ஏற்றத்தில் வியர்த்துக் கொட்டியது. மழைச் சட்டைக்கு உள்ளே நான் போட்டிருந்தது பருத்தி பனியன். பருத்தி வேண்டாம் என்று முன்பே எழுதி அனுப்பியிருந்தார்கள். நம் ஊரில் உடம்புக்கு நல்லது பருத்திதான் என்று வளர்ந்தவள் நான், அந்த வரியை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

மேலே போகப் போக ஒவ்வொரு 150 மீட்டருக்கும் சுமார் ஒரு டிகிரி குறையும். காற்று சேர்ந்துவிட்டால் அந்தக் கணக்கும் கிடையாது. மெரிக்குக்கு முன்னால் பென்யெல்லரி என்ற உச்சி இருக்கிறது, 719 மீட்டர். அங்கே சாந்து இல்லாமல் கல் அடுக்கிய ஒரு மதில், எங்கள் ஊர்க் கையாலை மாதிரி, மேடு நெடுக ஓடுகிறது. நாங்கள் அதை எட்டும்போது மேகம் இறங்கிவிட்டது. மதிலின் அடுத்த பத்தடி மட்டும்தான் தெரிந்தது. மழை பக்கவாட்டில் அடித்தது. எல்லாரும் மதிலோரம் ஒண்டிக்கொண்டு தின்பண்டத்தை எடுத்தார்கள். நானும் பேக்கைத் திறக்கப் போனேன். ஜிப் வரவில்லை. இரண்டு மூன்று தடவை இழுத்தேன். ஜிப் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன்.

கடைசியில் வந்த அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உன் பிறந்த தேதி என்ன?" என்று கேட்டார். சொன்னேன். மாதத்தைச் சொல்லும்போது நாக்கு கொஞ்சம் குழறியது. அவர் எழுந்து போய் லீடரிடம் ஏதோ சொன்னார். லீடர் வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "இங்கிருந்து எல்லாரும் இறங்குகிறோம்" என்றார்.

விரல் சொன்னபடி கேட்காது, நாக்கு குழறும், கால் தடுக்கும், முகம் சுருங்கி ஆள் பேசாமல் ஆகிவிடுவார்: உடல் குளிர்ந்துபோவதன் ஆரம்பம் இது. இதை நான் மாணவிகளுக்குப் பாடமாகவே சொல்லியிருக்கிறேன். அவசரப் பிரிவில் ஆற்றில் விழுந்தவர்களையும், பனியில் படுத்துக் கிடந்தவர்களையும் என் கையால் சூடேற்றியிருக்கிறேன். அன்றைக்கு என் உடம்பில் அது நடக்கிறது என்று எனக்குத் தெரியவே இல்லை. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். மேப் பாதையைக் காட்டும். உங்கள் விரலை அது பார்க்காது. நீங்களும் பார்க்க மாட்டீர்கள், பார்க்கும் புத்தியைத்தான் குளிர் முதலில் கெடுக்கிறது.

குழுவில் ஒருவர் சண்டைக்கு வந்தார். வெகு தொலைவிலிருந்து வந்திருப்பதாகவும், ஒருத்திக்காகப் பதினொரு பேர் ஏன் இறங்கவேண்டும் என்றும் கேட்டார். நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். லீடர் குரல் உயர்த்தவில்லை. காற்று கூடுகிறது, இருக்கும் வெளிச்சமும் நேரமும் இவ்வளவு, இரண்டாகப் பிரித்தால் இரு பக்கமும் ஆள் போதாது என்று கணக்கைச் சொன்னார். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். அது திடமான ஆட்களுக்கு, நல்ல நாளில். மெரிக் போக வரச் சுமார் 13 கிலோமீட்டர். கணக்கு எளிது. கிளம்பிவிட்ட பிறகு அதை ஒப்புக்கொள்வதுதான் கடினம்.

அந்த அம்மா தன் பையிலிருந்து காய்ந்த கம்பளிச் சட்டை ஒன்றையும் கையுறை ஒன்றையும் எடுத்தார். மதில் மறைவில் ஒரு தார்ப்பாயைப் பிடித்து நின்று என் ஈர பனியனைக் கழற்றவைத்தார். ஓட்ஸ் கட்டி ஒன்றை வாயில் வைத்தார். இறங்கும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார், பதில் சொல்லவைத்தார். எதற்கென்று இப்போது தெரிகிறது. கல்ஷார்க் வந்ததும் ஃபிளாஸ்க்கில் இருந்த இனிப்பு டீ. அங்கே வைத்துத்தான் எனக்கு நடுக்கம் ஆரம்பித்தது. நடுங்க ஆரம்பித்துவிட்டாய், உடம்பு தானே சூடேற்றிக்கொள்ளப் பார்க்கிறது, நல்லது என்றார்.

22 வருடத்தில் என்னை இன்னொருவர் அப்படிப் பார்த்துக்கொண்டது அன்றுதான். இதைச் சொன்னால் சிலர் பரிதாபம் தேடுவதாக நினைப்பார்கள், நினைத்துக்கொள்ளட்டும். எங்கள் வார்டில் லீவு போடும் விதம் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. பிள்ளை இருப்பவர்களுக்குப் பள்ளி விடுமுறை முதலில். அது சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், புத்தாண்டு இரவு எல்லாம் ஒன்பது வருடம் தொடர்ந்து எனக்கு. ரோஸ்டர் போட்டவர் ஒருமுறை முகத்துக்கு நேராகவே சொன்னார், "உனக்கு வீட்டில் யாரும் காத்திருக்கவில்லையே." கல்யாணமாகாத பெண்ணுக்கு வீடும் கிடையாது, களைப்பும் கிடையாது என்று ஊரிலும் நினைத்தார்கள், இங்கும் நினைக்கிறார்கள். மே மாதத்து அந்த ஐந்து நாளை வாங்க எட்டு மாதத்துக்கு முன்பே எழுதிக்கொடுத்து, அதையும் கடைசி வாரத்தில் இரண்டு நாளாகக் குறைக்கப் பார்த்தார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் எழுதுகிறேன் என்று தெரிகிறது. ஆனால் அந்த ஐந்து நாளின் விலை எனக்கு டிக்கெட் காசு மட்டும் இல்லை.

தனியாகப் போகலாமா என்று கேட்டீர்களே, தாராளமாகப் போகலாம். என் குழுக்களில் பாதிப் பேருக்கு மேல் தனியாக வந்தவர்கள்தான், பலரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஐந்து நாளில் ஒருவர்கூட என் கணவர் எங்கே என்று கேட்கவில்லை.

மறுநாள் எழுந்திருக்கவே மனமில்லை. கடற்கரை நடைக்குப் பெயர் கொடுத்திருந்ததால் போனேன். விட்ஹார்னுக்கு அருகே பிஸ்கில் பள்ளத்தாக்கு வழியாக, பூண்டு வாசனை வீசும் வெள்ளைப் பூக்களின் நடுவே இறங்கினால் கூழாங்கல் கரை வருகிறது. கரையோரமாகவே நடந்தால் புனித நினியனின் குகை. 397ஆம் ஆண்டு வாக்கில் அவர் இந்தப் பகுதிக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தார் என்பது மரபு. குகைச் சுவரில் பழைய யாத்திரிகர்கள் செதுக்கிய சிலுவைகள் உண்டு, கல்லில் செதுக்கிய சில சிலுவைகளை விட்ஹார்ன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இன்றும் வருகிறவர்கள் கரையில் ஒதுங்கிய குச்சிகளைச் சிலுவையாகக் கட்டிப் பாறை இடுக்கில் செருகிவிட்டுப் போகிறார்கள். வேளாங்கண்ணிக்கு அம்மாவோடு நடந்துபோன பாதங்கள் இவை. நானும் ஒன்று கட்டினேன். விரல்கள் சொன்னபடி கேட்டன.

காட்டு நடை 'வுட் ஆஃப் க்ரீ'யில். தென் ஸ்காட்லாந்தின் பெரிய பழங்காடு, ஓக் மரங்கள், பறவைகள் பாதுகாப்புச் சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது. மே மாதத்தில் தரை முழுக்க நீலமணிப் பூ. ஏற்றம் குறைவு, ஆனால் முடித்து வர நேரமானது, ஏனென்றால் லீடர் ஐம்பதடிக்கு ஒருமுறை நின்றுவிடுவார். ஒரு கறுப்பு வெள்ளை ஈபிடிப்பானைக் காட்டினார், கையளவுகூட இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு இந்தக் காட்டுக்குக் குஞ்சு பொரிக்க வருகிறது. மேப்பை வைத்துக்கொண்டு போயிருந்தால் அரை மணியில் நடந்து வெளியே வந்திருப்பேன்.

கைடு இல்லாமல் மெரிக் ஏறியவர்கள் ஏராளம் என்று கீழே யாராவது எழுதுவார்கள். உண்மைதான். வரைபடமும் திசைகாட்டியும் பழகியவர்களுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. வெளிநாட்டைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்றும் சிலர் வருவார்கள். மருந்துவாழ் மலையில் 4 டிகிரியில் பக்கவாட்டு மழை பெய்திருந்தால் அங்கேயும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு வேண்டியவை: முதல் நாள் காட்டு நடை, அடுத்து கடற்கரை, மலையைக் கடைசிக்கு வையுங்கள். உடம்பை ஒட்டிப் போடுவது கம்பளியோ செயற்கை நூலோ இருக்கட்டும், பருத்தி வேண்டவே வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு என்று எது இருந்தாலும் கிளம்பும் முன் லீடரிடம் சொல்லுங்கள், மறைக்காதீர்கள். இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், லைம் நோய் அதன் வழியாகத்தான் வரும். ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். நியூட்டன் ஸ்டூவர்ட் வழியாக ஓடிய ரயில் பாதையை 1965இலேயே மூடிவிட்டார்கள், டம்ஃப்ரீஸில் இறங்கி பஸ்.

நான் இன்னும் மெரிக் உச்சியைப் பார்க்கவில்லை. கையுறையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. வரும் மே மாதத்துக்கு லீவு எழுதிக்கொடுத்துவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை.