ஜெர்மானிய நண்பர் வீட்டில் தங்கப் போகிறீர்களா? கேள்விகளும் பதில்களும்

ஜெர்மனியில் நண்பர் வீட்டுக்குப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பல வருடமாக இந்த ஊரில் குடியிருப்பவன் என்ற முறையில், ஜெர்மானியக் குடும்பங்களை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன். தமிழ் நண்பர் வீடென்றால் இதில் பாதி தேவைப்படாது.

கேள்வி (திருச்சி): ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். எப்போது போவது?

ஏழு மணிக்குத்தான். பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்றால் ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். இன்னொன்று, அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் தனி எண் கிடையாது, வாசலில் இருக்கும் அழைப்பு மணிகளுக்குப் பக்கத்தில் குடும்பப் பெயர்தான் எழுதியிருக்கும். நண்பரின் முதல் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு போனால் எந்த மணியை அழுத்துவது என்றே தெரியாது.

கேள்வி (மதுரை): சாப்பாட்டு விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

இதுதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் ஊரில் முதல் தடவை "வேண்டாம்" என்று சொல்வது மரியாதைக்கு, இரண்டாவது தடவை கேட்கும்போது தட்டை நீட்டுவோம், மூன்றாவது தடவை கேட்காமலேயே வைத்துவிடுவார்கள். இங்கே இரண்டாவது தடவை பெரும்பாலும் வராது. "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்பார்கள், நீங்கள் வேண்டாம் என்றதும் பாத்திரம் அடுத்தவர் பக்கம் போய்விடும். கவனிக்கவில்லை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். நீங்கள் சொன்னதை நம்புகிறார்கள், உங்கள் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். பசித்தால் பசிக்கிறது என்று சொல்லுங்கள், மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ சாப்பிடுவதில்லை என்றால் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சந்தோஷமாக வேறு செய்து வைப்பார்கள். மேஜையில் உட்கார்ந்த பிறகு தெரிந்தால்தான் அவர்களுக்குச் சங்கடம்.

கேள்வி (கோவை): போன தடவை போனபோது இரவில் ரொட்டியும் வெண்ணெயும் மட்டும்தான் வைத்தார்கள். வேண்டா வெறுப்பாகக் கூப்பிட்டார்களோ என்று மனைவிக்கு வருத்தம்.

வருத்தமே வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். பல வீடுகளில் சூடாகச் சமைப்பது மதியம்தான், இரவில் அடுப்பே மூட்டாத குடும்பங்கள் நிறைய உண்டு. ஆளுக்கொரு சின்ன மரப்பலகை, அதன்மேல் கம்பு மாவு நிறத்தில், ரை என்ற தானியத்தில் செய்த கனமான ரொட்டி, நடுவில் பாலாடைக்கட்டி, வெள்ளரி, தக்காளி, ஊறவைத்த காய், வெட்டிய இறைச்சித் துண்டுகள். அவரவர் வெட்டித் தடவி, ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். அந்த மேஜையில் உங்களை உட்கார வைத்தார்கள் என்றால் வீட்டு ஆளாக நினைக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு இப்போது விருந்தைவிட அதுதான் பிடிக்கிறது.

கேள்வி (நாகர்கோவில்): அம்மாவையும் அழைத்துப் போகிறேன். குளியலறை எப்படி இருக்கும்?

நல்லவேளை கேட்டீர்கள். ஷவர் தடுப்புக்கு வெளியே தரையில் தண்ணீர் போக வழி இருக்காது. வாளி வைத்துக் குளித்தால் தண்ணீர் கீழ் வீட்டுக் கூரையில்தான் இறங்கும். தடுப்புக்குள் நின்று குளித்துவிட்டு, அங்கே தொங்கும் ரப்பர் துடைப்பானால் கண்ணாடியை ஒரு தடவை வழித்துவிடச் சொல்லுங்கள். பல ஊர்களில் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அப்படியே விட்டால் வெள்ளையாகப் படிந்துவிடும். கழிவறையில் கை ஷவர் இருக்காது, ஒரு சின்னக் குவளை கொண்டு போங்கள்.

கேள்வி (சேலம்): பனிக்காலத்தில் ஜன்னலை விரியத் திறக்கிறார்களாமே?

ஆமாம், ஐந்து பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு மூடிவிடுவார்கள். காற்று புகாமல் கட்டிய வீடுகள், உள்ளே ஈரம் தங்கினால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். நாம் சமைத்தால் ஆவியும் தாளிப்பு வாசமும் சேரும் என்பதால், சமைத்து முடித்ததும் நீங்களே திறந்துவிட்டால் நண்பருக்கு நிம்மதி.

கேள்வி (தஞ்சாவூர்): ஞாயிற்றுக்கிழமை போய் இறங்குகிறோம். காய்கறி வாங்க முடியுமா?

கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் பங்க்குகளும்தான் கைகொடுக்கும். ஞாயிறு ஓய்வு நாள் என்பதை 1919-இல் அன்றைய ஜெர்மன் குடியரசின் (வைமார்) அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தார்கள், அந்தப் பிரிவு இன்றைய அரசியல் சட்டத்திலும் அப்படியே தொடர்கிறது. அன்றைக்குச் சுவரில் துளை போடக்கூடாது, காலிக் கண்ணாடிப் பாட்டிலைத் தெருத் தொட்டியில் போட்டால்கூடச் சத்தம் என்று பக்கத்து வீட்டார் வந்து சொல்வார்கள். நண்பர்களோடு காட்டுப் பாதையில் நடந்துவிட்டு வந்து, நான்கு மணிக்குக் காபியும் கேக்கும் சாப்பிடும் நாள் அது.

கேள்வி (திருநெல்வேலி): சமையலறை மூலையில் காலி பாட்டில்கள் குவிந்திருந்தன. உதவியாக இருக்கட்டும் என்று நசுக்கிக் குப்பையில் போடலாமா?

வேண்டாம்! ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் பான டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம் கட்டியிருப்பார்கள், கண்ணாடி பீர் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 8 சென்ட். சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைப் பில்லில் கழித்துக்கொள்ளலாம். நசுங்கினால் இயந்திரம் லேபிளைப் படிக்காது. உதவ நினைத்தால் பையில் எடுத்துக்கொண்டு கூடவே கடைக்குப் போங்கள்.

கேள்வி (ஈரோடு): என்ன கொண்டு போகலாம்?

நெய், பன்னீர், இறைச்சி எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடமாட்டார்கள். பால்கோவாவையும் தவிர்த்துவிடுங்கள். கறிவேப்பிலை போன்ற பச்சை இலைகளுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். முறுக்கு, கோவில்பட்டி கடலை மிட்டாய் எல்லாம் நல்ல தேர்வு, ஆனால் வீட்டில் யாருக்காவது கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிடுங்கள். பூ வாங்குவதாக இருந்தால் வெள்ளைச் செவ்வந்தி வேண்டாம், அது இங்கே கல்லறைக்கு வைக்கும் பூ.

கேள்வி (வேலூர்): நான் கிளம்பிய மறுநாள் நண்பருக்குப் பிறந்தநாள். முன்னாடியே வாழ்த்திவிடலாமா?

கூடாது, முன்கூட்டி வாழ்த்தினால் ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். பரிசை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிட்டு, மறுநாள் போன் செய்து வாழ்த்துங்கள்.