மருமகளாக வரும் பெண் மார்மன் சபை: அவளுடைய ஞானஸ்நானம் செல்லுமா?

கேள்வி: நாங்கள் பாளையங்கோட்டையில் பரம்பரையாக சி.எஸ்.ஐ. சபையார். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வேலை பார்க்கும் என் மகன், மார்மன் சபைப் பெண் ஒருத்தியை மணக்க விரும்புகிறான். "அவளும் இயேசுவைத்தானே ஆராதிக்கிறாள்" என்கிறான். உறவினர்கள் அதைக் கள்ள உபதேசம் என்கிறார்கள். அவள் பெற்ற ஞானஸ்நானம் நம் சபையில் செல்லுமா? திருமணத்தை எப்படி நடத்துவது?

பதில்: சகோதரி, ஞானஸ்நானத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். செல்லாது என்று வைத்துக்கொண்டே உங்கள் சேகரகுருவைப் போய்ப் பாருங்கள். முடிவு சொல்ல வேண்டியவர்கள் அவரும் பேராயரும்தான். ஆனால் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தையும் நிசேயா விசுவாசப் பிரமாணத்தையும் ஏற்று நிற்கும் சபை வேறு முடிவுக்கு வருவது கடினம். அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்ட் சபை 2000இலும், கத்தோலிக்கத் திருச்சபை 2001 ஜூனிலும் இதே முடிவைத்தான் எடுத்தன.

பல குடும்பங்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். மார்மன்கள் ஞானஸ்நானம் கொடுப்பதைப் பார்த்தால் குறை சொல்லத் தோன்றாது. வெள்ளை உடை உடுத்தி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் முழுக்குக் கொடுக்கிறார்கள். இரண்டு சாட்சிகள் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். கால்விரல் ஒன்று தண்ணீருக்கு மேலே தெரிந்துவிட்டாலும் மறுபடி முழுக்குவார்கள். ஆக, சிக்கல் சடங்கில் இல்லை. அந்த நாமத்துக்கு உரியவர் யார் என்பதில்தான் இருக்கிறது.

கி.பி. 325இல் கூடிய நிசேயா சங்கம், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டது. நற்கருணை ஆராதனையில் நீங்கள் சொல்லிவருவதும் அதைத்தான். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, அதாவது மார்மன் சபை, அந்த அறிக்கையை ஏற்பதில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் நோக்கத்தில் ஒன்றானவர்கள், ஆனால் தனித்தனியானவர்கள் என்பது அவர்கள் போதனை. பிதாவுக்கும் மனிதனுக்கு இருப்பதுபோலவே மாம்சமும் எலும்புமான சரீரம் உண்டு என்று, அவர்கள் வேதமாக ஏற்கும் 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' 130ஆம் பகுதி சொல்கிறது. கொல்லப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1844 ஏப்ரலில் ஸ்மித் ஆற்றிய பிரசங்கம் இன்னும் ஒரு படி மேலே போனது. தேவனும் ஒரு காலத்தில் நம்மைப்போல இருந்தவர், மனிதனும் அவரைப்போல் ஆகலாம் என்றார் அவர். இன்றைய மார்மன்கள் இதன் முதல் பாதியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இரண்டாம் பாதியை விட்டுக்கொடுப்பதும் இல்லை. சிருஷ்டிகருக்கும் சிருஷ்டிக்கும் இடையே கடக்க முடியாத இடைவெளி உண்டு என்று நம்புகிறவர்களுக்கு இது சிறிய வேறுபாடு அல்ல.

அவர்கள் தரப்பையும் சொல்ல வேண்டும். உங்கள் மகன் அந்தச் சபையில் சேர்ந்தால் அவனுக்கும் மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பார்கள். அப்போஸ்தலர் காலத்துக்குப் பின் ஆசாரியத்துவ அதிகாரம் பூமியில் இல்லாமல் போயிற்று, அது ஸ்மித் வழியாகவே திரும்பி வந்தது என்பது அவர்கள் நம்பிக்கை. நாம் அவர்களுடைய ஞானஸ்நானத்தை ஏற்காததை அவமதிப்பு என்று அந்தப் பெண் நினைத்தால், இதை அன்போடு நினைவூட்டலாம்.

உறவினர்கள் கொண்டுவரும் துண்டுப் பிரசுரங்களை மட்டும் வைத்துக்கொண்டு அவளிடம் பேசாதீர்கள். மார்மன்கள் 1890இல் கைவிட்ட பலதார மணத்தை இன்னும் நடப்பதுபோல எழுதும் பிரசுரங்கள் உண்டு. 2004 நவம்பரில் சால்ட் லேக் சிட்டியில் மார்மன்களின் டேபர்நேக்கிள் மண்டபத்தில், சுவிசேஷ சபையாரின் ஃபுல்லர் இறையியல் கல்லூரித் தலைவர் ரிச்சர்ட் மௌ எழுந்து நின்று, மார்மன்கள் எதை நம்புகிறார்கள் என்பதைத் திரித்துச் சொல்லி நாங்கள் உங்களுக்கு விரோதமாகப் பாவம் செய்தோம் என்று மன்னிப்புக் கேட்டார். சுவிசேஷ சபையார் பலர் அவர்மேல் கொதித்தெழுந்தார்கள். ஆனால் அவர் உபதேச வேறுபாடு இல்லை என்று சொல்லவில்லை. மார்மன் சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் மில்லட்டோடும் மற்றவர்களோடும் பல ஆண்டுகள் உட்கார்ந்து அதே வேறுபாடுகளைத்தான் பேசிக்கொண்டிருந்தார். அவர் செய்தது சரி என்பதே என் கருத்து. ஒருவர் நம்பாததை அவர் நம்புவதாகச் சொல்வது பொய்ச்சாட்சி; பத்துக் கட்டளையில் அதற்கு விலக்கு இல்லை.

இனித் திருமணம். மார்மன் ஆலயத்துக்குள் கணவன் மனைவியாக முத்திரிக்கப்படும் சடங்கு, இருவரும் தகுதிபெற்ற உறுப்பினர்களாக இருந்தால் மட்டுமே நடக்கும். உங்கள் மகன் உறுப்பினர் அல்ல என்பதால் அதற்கு வழியில்லை. அவர்களுடைய சாதாரண வழிபாட்டுக் கூடத்திலோ வேறு இடத்திலோ திருமணத்தை நடத்தலாம், நீங்களும் முன்வரிசையில் உட்காரலாம். நம் ஊரில் நடத்த விரும்பினால், 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்கு இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும். ஆனால் சட்டம் அனுமதிப்பது வேறு, திருமண்டல விதி வேறு. எனவே ஓலை வாசிப்புக்கு நாள் குறிக்கும் முன்பே குருவானவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் கேள்வியில் வராத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆலயத்தில் முத்திரிக்கப்பட்ட திருமணம் மரணத்துக்குப் பின்னும் நிலைக்கும், மேலான மகிமைக்கு அது அவசியம் என்று சிறுவயது முதல் அவளுக்குக் கற்பித்திருப்பார்கள். உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை என்ற மத்தேயு 22ஆம் அதிகாரத்தை நாம் காட்டலாம். அவர்களிடம் அதற்கு வேறு விளக்கம் உண்டு. உங்கள் மகனை மணப்பதால் அவள் இப்போதைக்கு அந்த நம்பிக்கையைத் தள்ளிவைக்கிறாள். அவளுடைய பெற்றோரும் உங்களைப்போலவே தூக்கமில்லாமல் இருக்கலாம். அவர்களோடு ஒருமுறை பேசுங்கள். வீட்டுக்கு வந்தால் காபியும் தேநீரும் வேண்டாம், அவர்கள் தொடமாட்டார்கள், இளநீர் கொடுங்கள்.

இவற்றைவிட அவசரமானது குழந்தைகளைப் பற்றிய பேச்சு. நம் சபையில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டு. அவர்களோ எட்டு வயதில்தான் கொடுப்பார்கள். சிறு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது தேவனைப் பரியாசம்பண்ணுவது என்று மார்மன் புஸ்தகத்தின் மரோனி 8ஆம் அதிகாரம் கடுமையாகவே சொல்கிறது. பேரக்குழந்தை பிறந்த பின் இதைப் பேச ஆரம்பித்தால் இரண்டு குடும்பமும் காயப்படும். பிள்ளைக்கு எப்போது, எந்தச் சபையில் ஞானஸ்நானம், ஞாயிற்றுக்கிழமை எந்த ஆராதனைக்குப் போவது என்பதை அவர்கள் இருவரும் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். அந்தப் பேச்சில் நீங்கள் இருக்க வேண்டாம். அவர்கள் எடுத்த முடிவை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.