சிப்பைச் சோதிக்க எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் எதற்கு? சாதாரண மைக்ரோஸ்கோப் போதாதா?

ரிச்சி தெருவில் போன் பழுது பார்க்கும் கடைகளில் மேசை மைக்ரோஸ்கோப் இருக்கும். அதில் சாலிடர் பொட்டு பளிச்சென்று தெரியும். சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் என்ற மிக நுண்ணிய சுவிட்ச் தெரியாது. காரணம் ஒளிதான். நாம் காணும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். அதில் பாதியைவிட ரொம்பச் சின்ன விவரங்களை ஒளி பிரித்துக் காட்டாது. அரிசியில் கல் பொறுக்கக் கரண்டி உதவுமா? விரல்நுனி வேண்டும். எலக்ட்ரான் கற்றைதான் அந்த விரல்நுனி. அது சிப்பின் மேல் வரிவரியாக ஊர்ந்து போகும். அங்கிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்களைச் சேர்த்துப் படமாக்குவார்கள்.

இந்தக் கருவியைப் பயனுள்ளதாக்கியதில் கேம்பிரிட்ஜ் பொறியாளர் சார்லஸ் ஓட்லிக்குப் பெரிய பங்கு உண்டு. மற்றவர்கள் கைவிட்ட யோசனையை 1948-இல் மாணவர்களோடு மறுபடி கையில் எடுத்தார். 1965-இல் 'ஸ்டீரியோஸ்கேன்' என்ற பெயரில் இந்தக் கருவி விற்பனைக்கு வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது, 1957-இல் அவரும் மாணவர் தாமஸ் எவர்ஹார்ட்டும் வெளியிட்ட விஷயம்: மின் அழுத்தத்தையே படத்தில் பார்க்கலாம்! நேர்மின் அழுத்தம் உள்ள இடம் எலக்ட்ரான்களைத் தன்னிடமே இழுத்துக்கொள்வதால் இருட்டாகத் தெரியும். பவர்கட்டில் மொட்டை மாடியில் நின்று எந்தத் தெருவில் கரண்ட் இருக்கிறது என்று பார்ப்போமே, அதுபோல. என்ன, சிப்பில் வெளிச்சமும் இருட்டும் இடம் மாறியிருக்கும். எந்தக் கம்பி அறுந்தது என்று இப்படித்தான் தேடுகிறார்கள்.

அப்புறம், இணையத்தில் வரும் வண்ண வண்ணப் படங்களைப் பார்த்து சிப்பின் நிறமே அது என்று நினைக்க வேண்டாம். எலக்ட்ரான் படம் கறுப்பு வெள்ளைதான், நிறம் பிறகு பூசுவது.